இருநூறு குதிரைக்கு எந்தப் பெட்டி?

நான் ஓசூருக்குப் போனது கார் பார்க்க அல்ல, பெரியம்மாவைப் பார்க்க. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கியர் பெட்டிக்கு நம் பக்கங்களில் என்ன வேலை என்று முகம் சுளிக்கும் சகோதரிகள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரியம்மாவின் மூன்று வருஷச் சீட்டுப் பணம் அந்தப் பெட்டிக்குள் போகவிருந்தது. ஆகவே இது அசல் குடும்ப விஷயம்தான்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்குக் கிருஷ்ணகிரி தாண்டியதும் பாதை மேலே ஏறத் தொடங்கும். ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதில் பாதிதான் சொச்சம். மேலுமலை ஏற்றத்தில் முன்னால் ஒரு லாரி முக்கி முனகிக்கொண்டிருந்தது. எங்கள் டாக்ஸிக்காரர் ஐந்தாவது கியரிலிருந்து நாலு, நாலிலிருந்து மூன்று என்று இறங்கினார். வண்டி ஒரு தரம் உறுமிவிட்டுச் சுறுசுறுப்பாக ஏறியது.

"கீழ் கியர் போடாட்டி வண்டி அழும்மா" என்றார்.

அழும் என்கிறாரே! அந்தச் சொல்லை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓசூரில் இருந்த இரண்டு நாளும் அதன் பொருளைத்தான் படித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியம்மா காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "உன் தம்பிக்கு நீயாவது புத்தி சொல்லேன், அம்மாடி" என்று ஆரம்பித்தாள். தம்பி என்பது அவளுடைய இளைய மகன். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பற்சக்கரம் வெட்டும் இயந்திரத்தில் வேலை. நல்ல பிள்ளை. வெற்றிலை பாக்கு, சினிமா, சீட்டாட்டம் ஒன்றும் கிடையாது. இருக்கிற ஒரே பைத்தியம் கார். பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினில் டர்போ பொருத்தி, இருநூறு குதிரைச் சக்தி வரவழைத்துப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை.

போன வருஷம் இதே மாதிரி வேறொரு காரில் முயன்றிருக்கிறான். எஞ்சினுக்கு வலுவேற்றினான், கியர் பெட்டியை மட்டும் இருந்தபடியே விட்டுவிட்டான். தடத்தில் ஐந்தாறு சுற்றுப் போனதும் மூன்றாவது கியரின் பல் ஒன்று உடைந்து, மற்றப் பற்களுக்கிடையே போய் மாட்டிக்கொண்டது. பெட்டி இறுகியது, முன் சக்கரங்கள் நின்றுவிட்டன, கார் பம்பரமாய்ச் சுற்றி டயர்ச் சுவரில் மோதியது. மோவாயில் ஆறு தையல். இதைப் பெரியம்மாவிடம் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லி வைத்திருக்கிறான். பெரியம்மா அதை நம்பியதாகச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"அக்கா, இந்தத் தடவை பெட்டியைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன்" என்றான் தம்பி. சீட்டுப் பணம் அதற்குத்தான்.

*

பெட்டி என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். மோட்டார் எஞ்சின் ஒரு வினோதமான வேலையாள். மெதுவாகச் செய் என்றால் அதற்குச் செய்ய வராது. சுற்று ரொம்பக் குறைந்து போனால் திணறி நின்றுவிடும். மூவாயிரம், நாலாயிரம் என்று சுழலும்போதுதான் அதற்குத் தெம்பு. சக்கரமோ புறப்படும்போது மெள்ளத்தான் சுழல வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சமரசம் செய்கிற தரகர்தான் கியர் பெட்டி. சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும்; பலம் கூடும். வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்கும் பண்டமாற்று. மேலுமலையில் எங்கள் டாக்ஸிக்காரர் செய்தது அதுவே.

இனி, தம்பி சொல்லும் இருநூறு குதிரை. அவனும் அவன் சிநேகிதர்களும் மூச்சுக்கு மூச்சு குதிரை, குதிரை என்கிறார்கள். ஆனால் பெட்டியை உடைப்பது குதிரை அல்ல. முறுக்கு விசை! முறுக்கு என்றதும் தீபாவளி பலகாரம் ஞாபகத்துக்கு வந்தால் தவறில்லை. ஆனால் நான் சொல்வது துணி பிழிகிற முறுக்கு. நனைந்த ஜமக்காளம் ஒன்றை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிகிறார்கள் அல்லவா? ஒரே தடவையில் எவ்வளவு பலமாக முறுக்குகிறார்கள் என்பது முறுக்கு விசை. ஒரு மணி நேரத்தில் எத்தனை துணி பிழிந்து கொடியில் போடுகிறார்கள் என்பது குதிரைச் சக்தி. கைக்குட்டையாகப் பார்த்து நூறு பிழிந்தாலும் கணக்கில் வேலை நிறையத்தான், மணிக்கட்டு வலிக்காது. ஜமக்காளம் நாலு பிழிந்தால் வலிக்கும். கியர் பெட்டி என்பது மணிக்கட்டு.

தம்பி காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். எஞ்சினின் முறுக்கு விசையை அதன் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி, 7024-ஆல் வகுத்தால் குதிரைச் சக்தி வரும். இருநூறு குதிரையை 5,000 சுற்றில் வாங்க வேண்டுமானால் எஞ்சின் ஏறக்குறைய 280 நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டும். அதே இருநூறை 8,000 சுற்றில் வாங்கினால் 176 போதும். குதிரை ஒன்றுதான். முதல் எஞ்சினுக்குப் பயில்வான் பெட்டி வேண்டும்; இரண்டாவதற்குச் சாதாரணப் பெட்டியைக் கொஞ்சம் தேற்றினாலே போதும். ஆனால் 8,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினுக்கு உள்ளே எல்லாமே மாற்ற வேண்டும்; அது வேறு செலவு.

இதற்கு வீட்டு வாசலிலேயே உதாரணம் இருக்கிறது. 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட் பெட்ரோல் காருக்கு 87 குதிரை; முறுக்கு விசை 113. இரண்டு வருஷம் கழித்து வந்த டீசல் ஸ்விஃப்டுக்குக் குதிரை 75-தான். முறுக்கு விசையோ 190! குதிரை குறைந்த காருக்குத்தான் கெட்டியான பெட்டி தேவைப்பட்டது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனிக்காரர்கள் இன்னும் நாணயம். அவர்களுடைய கியர் பெட்டிகளுக்கு எம்.கியூ. 200, எம்.கியூ. 250, எம்.கியூ. 350 என்று பெயர். அந்த எண்தான் அந்தப் பெட்டி தாங்கும் முறுக்கு விசையின் அளவு. அரிசி மூட்டையில் எடையை அச்சடித்திருப்பது போல, பெட்டியின் பெயரிலேயே அதன் பலம் இருக்கிறது. பெயரில் குதிரையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முதல் கியரில்தான் ஆபத்து ஜாஸ்தி. சிறிய காரில் முதல் கியரும் கடைசிப் பற்சக்கர ஜோடியும் சேர்ந்து எஞ்சினின் முறுக்கைப் பதினாலு மடங்கு வரை பெருக்கும். 280 என்பது சக்கரத்துக்குப் போகும்போது நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் கிளட்சைச் சட்டென்று விட்டால் ஒரே அடியாக இறங்கும். டயர் வழுக்கினால் தப்பித்தோம்; டயர்தான் அங்கே ஃப்யூஸ் கம்பி. பந்தயத்துக்கென்று தார்ச் சாலையைக் கவ்விப் பிடிக்கும் உயர்ந்த டயரைப் போட்டால் அந்த ஃப்யூஸும் போய்விடுகிறது. அடி முழுவதும் பெட்டியின் பல்லில் விழும். நல்ல டயர் போட்டதால் கியர் உடைந்தது என்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நடக்கிற காரியம்.

*

மறுநாள் காலை தம்பி என்னைப் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்கு அழைத்துப் போனான். நடத்துபவர் ரிடையரான ஃபோர்மன். ஒரே வாக்கியத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும். அது ஓசூர்த் தமிழ். எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, மேஜைமேல் இருந்த பற்சக்கரம் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். கனம்!

"தம்பி உடைச்ச மூணாவது கியர் இதுதான்" என்றார். ஒரு பல் வேரோடு போயிருந்தது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தது.

"நல்ல பல்லு எப்படி இருக்கணும் தெரியுமாம்மா? நம்ம மெதுவடை மாதிரி. மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. மேல்தோல் கெட்டியா இருந்தாத்தான் தேயாது. உள்ளே கொஞ்சம் இளக்கம் இருந்தாத்தான் அடி தாங்கும். முழுசும் கெட்டியாப் பண்ணினா தட்டை மாதிரி பட்டுனு போயிடும்."

இதற்காகப் பற்சக்கரத்தைக் கரிச்சத்து நிறைந்த வாயுவில் மணிக்கணக்காகப் பழுக்க வைத்து, பிறகு எண்ணெயில் முக்குகிறார்கள். மேல்தோலில் மட்டும் கரி ஏறிக் கெட்டிப்படும். ஓசூரில் இந்த வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. 1970-களில் சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் இங்கே லாரித் தொழிற்சாலை தொடங்கியது. அதே வருஷம் டி.வி.எஸ். 50 மொபெட் இந்த ஊரிலிருந்து புறப்பட்டு நாடெங்கும் போயிற்று. 1980-களிலேயே டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்தது. லாரியின் தோசைக்கல் அகலப் பற்சக்கரமும், கைக்கடிகாரத்துக்குள் கடுகளவு பற்சக்கரமும் ஒரே ஊரில்! இதில் வேடிக்கை, ஓசூருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த டி.வி.எஸ். 50-க்குக் கியரே கிடையாது. வேகம் கூடக்கூடத் தானே பிடித்துக்கொள்ளும் கிளட்ச்தான். பெரியம்மா அதில்தான் பத்து வருஷம் காய்கறி வாங்கப் போனாள். இப்போது ஓசூரில் ஏதர் கம்பெனியும், இதே மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலா கம்பெனியும் 2021-லிருந்து மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. அவற்றிலும் ஓட்டுபவர் மாற்றக் கியர் இல்லை. கியர் வெட்டும் பிள்ளைகள் எதிர்காலத்தில் என்ன செய்வார்கள் என்று எனக்கு ஒரு கவலை எழுந்தது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஃபோர்மன் தம்பிக்கு மூன்று வழி சொன்னார்.

முதல் வழி, இருக்கிற பெட்ரோல் ஸ்விஃப்ட் பெட்டியையே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பற்சக்கரங்களை மட்டும் எடுத்துவிட்டு, பந்தயத்துக்கென்று செய்த நேர்ப்பல் சக்கரங்களைப் போடுவது. சாதாரணக் கார்களில் பல் சாய்வாக வெட்டியிருக்கும். ஒரு பல் விடுவதற்குள் அடுத்த பல் மெள்ளத் தொட்டுவிடுவதால் சத்தம் வராது. ஆனால் சாய்வுப் பல்லுக்கு ஒரு கெட்ட குணம்: சுழலும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். முறுக்கு விசை கூடக்கூடத் தள்ளலும் கூடும், பேரிங்குகள் அழும், பெட்டியின் அலுமினிய உடம்பே வளைந்து கொடுக்கும். நேர்ப்பல் தள்ளாது. ஆனால் சத்தம் போடும். என்ன மாதிரிச் சத்தம் என்கிறீர்களா? உங்கள் வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுக்கும்போது 'ஊங்' என்று ஒரு ஓலம் கேட்கிறதல்லவா? பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு மட்டும் நேர்ப்பல் வைத்திருப்பதால் வரும் சத்தம் அது. எல்லாக் கியரும் அப்படி ஓலமிட்டால் எப்படி இருக்கும்!

இத்துடன் 'டாக்' என்று ஒரு ஏற்பாடும் உண்டு. நம் கார்களில் கியர் மாற்றும்போது பித்தளை வளையம் ஒன்று இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் சமாதானமாக ஒன்றாக்கிவிட்டுப் பிறகு சேர்த்துவைக்கும். பந்தயப் பெட்டியில் அந்தச் சம்பந்தி உபசாரமெல்லாம் இல்லை. முரட்டுக் கொம்புகள் நேரே கவ்விக்கொள்ளும். நாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குணமும் அப்படித்தான், கவ்வினால் விடாது. பந்தயத்தில் கண் சிமிட்டும் நேரத்தில் கியர் மாற்றலாம். ஓசூர் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஓட்டினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதுகில் ஒரு குத்து. விலையும் சில லட்சம்.

இரண்டாம் வழி, டீசல் ஸ்விஃப்டின் பெட்டி. மாருதி 2020-ல் டீசல் கார்களை நிறுத்திவிட்டாலும் பழைய வண்டிகள் உடைக்கும் இடங்களில் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. 190 நியூட்டன் மீட்டரைத் தினமும் சுமந்து பழகிய முதுகு அது. ஆனால் அந்த டீசல் எஞ்சின் ஃபியட் கம்பெனியின் வார்ப்பு. பெட்ரோல் எஞ்சின் சுஸுகியினுடையது. எஞ்சினும் பெட்டியும் முகத்தோடு முகம் சேரும் இடத்தில் போல்ட்டுத் துளைகள் ஒத்துப் போகா. நடுவில் ஒரு தகடு செய்து பொருத்த வேண்டும்.

"தகடுதானே என்று நினைக்காதீங்க" என்றார் ஃபோர்மன். "எஞ்சினோட நடுவும் பெட்டியோட நடுவும் தலைமுடி அகலம் விலகினாலும் போச்சு. அன்னிக்குத் தெரியாது. ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சு பேரிங்கு கத்தும்."

டீசல் பெட்டியில் இன்னொரு சிக்கல். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழல்வது. ஆகவே அதன் கியர்கள் நீளமானவை. பெட்ரோல் எஞ்சினை அதில் பூட்டினால் ஓட்டத்தில் சுகம், புறப்பாட்டில் சோம்பல். கடைசிப் பற்சக்கர ஜோடியை மாற்றி அதைச் சரிக்கட்ட வேண்டும். டர்போ எஞ்சினுக்குக் கியர்கள் ரொம்ப நெருக்கமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதன் பலம் கீழ்ச் சுற்றிலிருந்தே பரவலாகக் கிடைக்கும். டர்போ இல்லாமல் உச்சிச் சுற்றில் மட்டும் துள்ளும் எஞ்சினுக்குத்தான் படிகள் நெருக்கமாக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்திலும் சுருதி இறங்கிவிடும்.

மூன்றாம் வழி, எஞ்சின், பெட்டி, அச்சு எல்லாமே ஒரு பெரிய காரிலிருந்து எடுத்துக் கூண்டோடு மாற்றுவது. அதைக் கேட்டதும் தம்பியின் கண் மின்னியது. நான் பெரியம்மாவை நினைத்துக்கொண்டு, "மூன்றாம் வழி வேண்டாம்" என்றேன்.

*

இதெல்லாம் ஓசூர்ப் பிள்ளைகளின் விளையாட்டு மட்டும்தானா? இல்லை. கோயமுத்தூரில் இதைத் தொழிலாகவே செய்து காட்டினார்கள்.

டாட்டா நானோவை மறந்திருக்க மாட்டீர்கள். 2009-ல் வந்த சிறு கார், 624 சி.சி., இரண்டே சிலிண்டர், நாலு கியர், 48 நியூட்டன் மீட்டர். கோயமுத்தூர் ஜே.ஏ. மோட்டார்ஸ்போர்ட்காரர்கள் 2010-களில் அதற்குள் 1.3 லிட்டர் எஞ்சினை வைத்து 230 குதிரை வாங்கினார்கள். 'சூப்பர் நானோ' என்று பெயர். நானோவின் சொந்தப் பெட்டிக்கு அங்கே இடமே இல்லை. அதையும் மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. இதை நான் ஒரு சாகசமாகவே பார்க்கிறேன். மாட்டு வண்டியில் ரயில் எஞ்சின்!

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. அதே ஊரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், பந்தய ஓட்டுநராகப் பெயரெடுத்த ஜே. ஆனந்தின் நிறுவனம். அவர்களும் டாட்டா மோட்டார்ஸும் பாதிக்குப் பாதி கூட்டாகச் சேர்ந்து 2018 அக்டோபரில் 'டியாகோ ஜே.டி.பி.' என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். விலை 6.39 லட்சம். நெக்ஸான் காரின் 1.2 லிட்டர் டர்போ எஞ்சினைச் சின்ன டியாகோவுக்குள் வைத்தார்கள். நெக்ஸானில் அந்த எஞ்சினுக்கு 110 குதிரை, 170 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். டியாகோவில் 114 குதிரை, 150 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர். பற்சக்கர விகிதங்களையும் சுறுசுறுப்புக்கு ஏற்ப மாற்றினார்கள். எண்களை இன்னொரு தரம் பாருங்கள். குதிரை நாலு கூடியிருக்கிறது. முறுக்கு இருபது குறைந்திருக்கிறது. எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், மணிக்கட்டைப் பார்த்துத் துணியைக் கொடுத்திருக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைப் பத்து விநாடிக்குள் தொடும் என்று அறிவித்தார்கள். 2020-ல் புகை விதிகள் கடுமையானபோது அந்தக் கார் நின்றுவிட்டது. வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றும் பெட்டியைப் பூட்டிப் பாதுகாப்பது போல் பாதுகாக்கிறார்கள் என்று கேள்வி.

மறுபக்கமும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 2017-ல் நடத்திய அமியோ கோப்பைப் பந்தயத்துக்கு 205 குதிரைக் கார்களைத் தயார் செய்தது. வீட்டு உபயோக அமியோவுக்கு 75 குதிரை, ஐந்து கியர். பந்தயக் காருக்கு அந்தப் பெட்டியைத் தேற்றுவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு, வரிசைக் கிரமமாக மாறும் ஆறு கியர் பந்தயப் பெட்டியைப் பொருத்திவிட்டார்கள். பணம் இருக்கிற இடத்தில் யோசனை குறைவு.

பணமும் இடமும் இல்லாமல் ஜெயித்த கதை மினி காருடையது. 1959-ல் இங்கிலாந்தில் இஸிகோனிஸ் அதை வடிவமைத்தபோது, இடத்தை மிச்சம் பிடிக்கக் கியர் பெட்டியை எஞ்சினுக்கு அடியில், எஞ்சின் எண்ணெயிலேயே ஊறும்படி வைத்துவிட்டார். கீழே கடலைப் பருப்பு, மேலே ஆவியில் இட்லி என்று ஒரே பாத்திரத்தில் சமைக்கிற சாமர்த்தியம்! முதலில் 34 குதிரை. 1961-ல் கூப்பர் என்ற பெயரில் 55. வேறு பெட்டி வைக்க வழியே இல்லை. பந்தயக்காரர்கள் அதே உறைக்குள் நேர்ப்பல் சக்கரங்களைப் போட்டுக்கொண்டார்கள். ஃபோர்மன் சொன்ன முதல் வழிதான். 1962-ல் ஹாலந்தின் டுலிப் ராலியில் மினி கூப்பருக்குப் பெரிய வெற்றி தேடிக் கொடுத்தவர்கள் இரண்டு பெண்கள்: ஓட்டியவர் பாட் மாஸ், வழி சொன்னவர் ஆன் விஸ்டம். இதை நான் சொன்னபோது பெரியம்மா, "அவங்க அம்மா என்ன சொன்னாளாம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

*

ஒரு விஷயத்தைத் தம்பியிடம் கண்டிப்பாகவே கேட்டேன்: இதை ரோட்டில் ஓட்டலாமா?

ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்திவிட்டது. இன்ஷூரன்ஸ்காரர்களும் கையை விரித்துவிடுவார்கள். ஆகவே இந்தக் கார் லாரியில் ஏறித்தான் பந்தயத் தடத்துக்குப் போக வேண்டும். நம் மாநிலத்தில் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோயமுத்தூர் அருகே செட்டிப்பாளையத்திலும் தடங்கள் இருக்கின்றன. பின்னது, மாருதி எஞ்சினை வைத்து இங்கேயே பந்தயக் கார்கள் கட்டிய கரிவர்தன் நினைவாகப் பெயர் பெற்றது. அவர் 1995-ல் விமான விபத்தில் காலமானார்.

"ரோட்டில் எடுக்க மாட்டேன், அக்கா. மோவாய்மேல் சத்தியம்" என்றான் தம்பி. பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவன் மறுபடியும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருநூறு குதிரை என்று ஏன் பிடிவாதம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "பசங்ககிட்ட சொல்லிட்டேன்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை கல்யாணச் செலவுகள் இதே காரணத்துக்காக நடந்திருக்கின்றன!

பிறகு கணக்கைத் தலைகீழாகப் போட்டான். குதிரையை முதலில் எழுதாமல், பெட்டியை முதலில் எழுதினான். டீசல் பெட்டி, 190. இதை மீறக் கூடாது. டர்போவின் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, கீழ்ச் சுற்றில் முறுக்கு விசை பாய்ந்து எழாமல் 190-லேயே தட்டையாகப் பிடித்து, 5,500 சுற்று வரை கொண்டுபோனால்? 190 பெருக்கல் 5,500, வகுத்தல் 7024. விடை 149.

"நூற்றைம்பது வருது, அக்கா!"

பெட்ரோல் ஸ்விஃப்டின் பிறவிக் குதிரை 87. நூற்றைம்பது என்றால் ஒன்றேமுக்கால் பங்கு. கார் எடை குறைவு. முதல் இரண்டு கியரிலும் காற்றழுத்தத்தை இன்னும் சற்றுக் குறைத்து வைக்கலாம். அங்கேதான் அடி பலமாக விழுகிறது. தகட்டை ஃபோர்மனே கடைந்து கொடுப்பார். புதுக் கிளட்ச் தட்டு ஒன்று, புதுப் பேரிங்குகள், பித்தளை வளையங்கள், பெட்டிக்கு உரிய எண்ணெய். எல்லாம் கூட்டினாலும் சீட்டுப் பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஆயிற்று.

அடுத்த வாரமே பெட்டி வந்து சேர்ந்துவிட்டதாம். பெரியம்மா போனில் சொன்னாள். வராந்தாவில் பழைய செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமையானதால் அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாளாம். ஃபோர்மன் வந்து பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு பல்லாக விரலால் தடவி, இரண்டாவது கியரின் வளையம் தேய்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் சுகம் என்றாராம்.

"மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தானா, பெரியம்மா?"

"கொடுத்தான். எண்ணி டப்பாவில் வெச்சேன். சாயங்காலம் மறுபடியும் வந்து நின்னான். வண்டி ஓடுறதுக்கு ஏற்பாடு ஆச்சு, நிக்கறதுக்குப் பெரிய பிரேக்கு போடணும், கொஞ்சம் பணம் வேணும்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டப்பாவையே கொடுத்துட்டேன்."

எண்ணிப் பார்க்கவில்லையாம்.